வர்த்தகப் பிரிவு எஞ்சியவர்களின் புகலிடமா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானதும் நமது வீடுகளில் ஒரு பங்கீடு நடக்கிறது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 'ஏ' எடுத்த பிள்ளை உயிரியல் பிரிவுக்கு. கணிதத்தில் மட்டும் கெட்டிக்காரி என்றால் பௌதிக விஞ்ஞானத்துக்கு, அதற்கும் "பொம்பிளப் புள்ளைக்கு எதுக்கு எஞ்சினியரிங்?" என்று ஒரு மாமி குறுக்கே நிற்பார். தமிழிலும் வரலாற்றிலும் நல்ல புள்ளி எடுத்தவள் கலைப் பிரிவுக்கு. இவை எதிலும் சேராதவள் வர்த்தகப் பிரிவுக்கு. "சயன்ஸ் செய்யப் புள்ளி போதாது, அதனால கொமர்ஸ் செய்றா" என்று அயலவரிடம் சொல்லும்போது உம்மாவின் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது.

வர்த்தகப் பிரிவு மாணவியருக்குக் கற்பிப்பவள் என்ற வகையில், அந்தத் தாழ்ந்த குரலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய பாடங்களும், அவற்றின் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழகத்தில் கற்கும் வணிக முகாமைத்துவமும் வேறெதுவும் கிடைக்காதவர்களுக்கென்று ஒதுக்கிவைத்த இடம் அல்ல. நமது சமூகத்துப் பெண் பிள்ளைகளுக்கு அவை மற்றெல்லோரையும் விட அதிகம் தேவைப்படுகின்றன என்பதே எனது கருத்து. அதற்கான நியாயங்களைச் சொல்கிறேன். இந்தத் துறையைத் தெரிவு செய்யக் கூடாதவர்கள் யார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கடை யாருக்குப் பள்ளிக்கூடம்?

வர்த்தகக் கல்விக்கு எதிராக நமது பெரியவர்கள் சொல்லும் முதல் நியாயம் இது: "எங்கட வாப்பாமார் என்ன பட்டம் படிச்சா கடை நடத்தினாங்க?" புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் புடைவைக் கடை நடத்தியவர்களும், பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்கக் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விலை சொன்னவர்களும், காத்தான்குடியிலும் அக்குறணையிலும் வியாபாரத்தால் தலைநிமிர்ந்தவர்களும் முகாமைத்துவ நூல் எதையும் படித்தவர்கள் அல்லர். உண்மைதான். அவர்கள் கெட்டித்தனமாகத்தான் வியாபாரம் செய்தார்கள்.

ஆனால் அவர்கள் படிக்காதவர்கள் என்பது உண்மையல்ல. அவர்களுக்குக் கடைதான் பள்ளிக்கூடம். பத்து வயதில் வாப்பாவுடன் கடைக்குப் போன ஆண் பிள்ளை முதலில் கூட்டித் துடைத்தான். பிறகு சாமான் அடுக்கினான். பிறகு நிறுத்துக் கொடுத்தான். எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதை முகத்தைப் பார்த்தே கற்றான். மொத்த வியாபாரியிடம் விலை பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டான். இருபது வயதில் கல்லாவில் அமர்ந்தபோது அவனுக்குப் பத்து வருடப் பயிற்சி இருந்தது. அது ஒரு பட்டப்படிப்பை விட நீளமானது.

அந்தப் பத்து வருடமும் அவனுடைய தங்கச்சி எங்கே இருந்தாள்? வீட்டில் இருந்தாள். கடை வருமானத்தில் சாப்பிட்டாள், உடுத்தாள், படித்தாள். ஆனால் அந்த வருமானம் எப்படி வருகிறது என்பதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. ஆகவே, வியாபாரத்துக்குப் படிப்புத் தேவையில்லை என்ற நியாயம் ஆண் பிள்ளையைப் பொறுத்தவரை ஓரளவு பொருந்தலாம். பெண் பிள்ளைக்கு அது பொருந்தாது. கடையில் நின்று கற்கும் வாய்ப்பு இல்லாதவளுக்கு வகுப்பறை ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அந்த வகுப்பறையையும் "புள்ளி குறைந்தவர்களின் இடம்" என்று சொன்னால் அவள் எங்கே போய்க் கற்பாள்?

மேடைகளில் நாம் அன்னை கதீஜா (ரழி) அவர்களைப் பற்றிப் பெருமையுடன் பேசுகிறோம். மக்காவின் வணிகப் பெருமாட்டி என்கிறோம். மீலாத் விழாவில் நமது மாணவியரும் அதே பேச்சை மனனம் செய்து பரிசு வாங்குகிறார்கள். பரிசுடன் வீடு திரும்பும் அதே பிள்ளை, "வாப்பா, நம்ம கடையில மாதம் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒனக்கெதுக்கு மகள்?" என்ற பதில் வருகிறது. பேச்சுக்கும் இந்தப் பதிலுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் நாம் குறைக்க வேண்டியிருக்கிறது.

பாடத்தில் என்ன இருக்கிறது?

முகாமைத்துவம் என்றால் குளிரூட்டிய அறையில் அமர்ந்து கட்டளையிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கீடு என்றால் கூட்டல் கழித்தல் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். எனவே நமது பாடத்திட்டத்திலிருந்தே சில விடயங்களை எடுத்து, அவை வீட்டுக்கு எப்படி வந்து சேர்கின்றன என்று பார்ப்போம்.

கணக்கீட்டில் ஆரம்பத்திலேயே படிக்கும் எண்ணக்கரு ஒன்று உண்டு. வணிகம் வேறு, அதன் உரிமையாளர் வேறு. கடை முதலாளி தன் வீட்டுக்கென்று கல்லாவிலிருந்து ஆயிரம் ரூபா எடுத்தாலும் அது எடுப்பனவு என்று எழுதப்பட வேண்டும். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நமது கடைகளில் எத்தனையில் இது நடக்கிறது? மீன் வாங்கவும், மகளின் டியூஷன் பணத்துக்கும், கலியாண வீட்டு அன்பளிப்புக்கும் ஒரே கல்லாவில்தான் கை போகிறது. வருட இறுதியில் கடை இலாபத்தில் ஓடுகிறதா, அல்லது முதலைச் சாப்பிட்டுக்கொண்டு ஓடுகிறதா என்று முதலாளிக்கே தெரிவதில்லை.

அந்த முதலாளி ஒரு நாள் திடீரென்று மௌத்தாகிவிட்டால் நிலைமை இன்னும் கடினமாகிறது. கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு, வர வேண்டிய கடன் எவ்வளவு, கடையிலுள்ள சாமானில் பணம் கொடுத்து வாங்கியது எது, விற்றுத் தருவதாகச் சொல்லி இறக்கியது எது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இத்தா இருக்கும் மனைவியிடம் கடன்காரர்கள் வருகிறார்கள். கடன்பட்டவர்கள் வருவதில்லை. மார்க்கச் சட்டப்படி மையித்தின் கடனை அடைத்த பிறகுதான் வாரிசுரிமை பங்கிடப்பட வேண்டும். கடன் எவ்வளவென்றே தெரியாத இடத்தில் மகளின் பங்கு எவ்வளவென்று எப்படித் தெரியும்? அவளுக்கு உரிய பங்கு சில வேளை யாருடைய அநியாயத்தாலும் அல்லாமல் ஒரு கொப்பி இல்லாத காரணத்தாலேயே கைநழுவிப் போகிறது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுவது பொருத்தமானது.

இரண்டாவது உதாரணம் வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களைப் பற்றியது. நமது ஊர்களில் அபாயா தைப்பவர்கள், கேக் செய்பவர்கள், வட்டிலப்பமும் சமோசாவும் ஓடருக்குக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அபாயா 6,500 ரூபாவுக்கு விலை போகிறது. துணி 3,600 ரூபா. நூல், பட்டன், கல் வேலைக்கு 500 ரூபா. மிச்சம் 2,400 ரூபா. "ஒன்றுக்கு 2,400 ரூபா இலாபம்" என்று தைப்பவர் மகிழ்ச்சியடைகிறார்.

கணக்கீடு படித்த பிள்ளை அங்கே நிறுத்த மாட்டாள். துணி வாங்கப் போய்வந்த முச்சக்கர வண்டிச் செலவில் ஓர் அபாயாவுக்கு விழும் பங்கு 250 ரூபா என்று வைப்போம். மின்சாரம், தையல் இயந்திரத்தின் பெறுமானத் தேய்வு ஆகியவற்றுக்கு 150 ரூபா. இப்போது மிச்சம் 2,000 ரூபா. அதைத் தைக்கப் பத்து மணித்தியாலம் எடுக்கிறது என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 200 ரூபா. பத்து அபாயாவில் ஒன்றைக் கடனுக்குக் கொடுத்து, அந்தப் பணம் வராமலே போனால், பத்துக்கும் சேர்த்துக் கிடைக்க வேண்டிய 20,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபா போய்விடும். எஞ்சுவது 13,500 ரூபா. நூறு மணித்தியால உழைப்புக்கு மணித்தியாலத்துக்கு 135 ரூபா.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அவர் தொழிலைக் கைவிட வேண்டும் என்பதில்லை. விலையை உயர்த்தலாம். துணியை மொத்தமாக வாங்கிப் போக்குவரத்துச் செலவைக் குறைக்கலாம். முற்பணம் இல்லாமல் ஓடர் எடுப்பதில்லை என்று தீர்மானிக்கலாம். கல் வேலை இல்லாத எளிய அபாயாவை அதே நேரத்தில் இரண்டு தைக்க முடியுமா என்று பார்க்கலாம். அதே பத்து மணித்தியாலத்தை வேறொன்றில் செலவிட்டால் கிடைக்கக்கூடியதைப் பொருளியலில் அமையச் செலவு என்று படிக்கிறோம். பரீட்சைத் தாளில் இரண்டு புள்ளிக்கு எழுதும் அந்தச் சொல்லை ஓர் உம்மாவின் உழைப்புக்குப் பொருத்திப் பார்த்தால்தான் அதன் பாரம் விளங்கும்.

மூன்றாவது உதாரணம் பங்குடைமை. இலங்கையில் பங்குடைமைக்கு 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டமே பிரயோகிக்கப்படுகிறது என்று நமது மாணவியர் படிக்கிறார்கள். பங்காளர்களிடையே உடன்படிக்கை எதுவும் இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சமமாகப் பகிரப்படும், எந்தப் பங்காளருக்கும் சம்பளம் கிடையாது, மூலதனத்துக்கு வட்டி கிடையாது என்பவை அதன் பிரதான ஏற்பாடுகள். பெரும்பாலான பிள்ளைகள் இதை மனனம் செய்து எழுதிவிடுவார்கள். ஆனால் இதே பிள்ளையின் ராத்தா தன் நகையை விற்று, நானாவுடன் கூட்டாக ஒரு கடை திறந்து, காலை முதல் இரவு வரை அதில் உழைக்கிறார் என்றால்? "நானாதானே, எழுதிக்கொள்ள என்ன இருக்கு?" என்று இருந்துவிடுகிறார்கள். நானாவின் மனம் நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் பத்து வருடத்தின் பின் ராத்தாவின் உழைப்புக்கு என்ன பெறுமதி என்று கேட்டால் சொல்ல யாரிடமும் எழுத்து இல்லை. படித்த தங்கச்சி அந்த வீட்டில் செய்ய வேண்டியது ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இருவர் முன்னும் வைப்பதுதான்.

நான்காவது உதாரணம் தவணைக் கடன். நாம் வட்டியை ஹராம் என்று அறிந்தவர்கள். ஆயினும் கஷ்டம் வந்தால் நமது பெண்களிற் பலர் நகை அடகிலும், வாராந்தம் வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடனிலும் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு இலட்சம் ரூபா கடன், ஒரு வருடத் தவணை, 24 வீத வட்டி என்று சொல்லப்படுகிறது. 24,000 ரூபாவைக் கூட்டி, பன்னிரண்டால் பிரித்து, மாதம் 10,333 ரூபா என்கிறார்கள். ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. வருடம் முழுவதும் ஒரு இலட்சமும் அந்தப் பெண்ணின் கையில் இருப்பதில்லை. குறைந்துகொண்டு வரும் மீதிக்குக் கணக்கிட்டால் அந்த 24 வீதம் உண்மையில் ஏறக்குறைய 42 வீதம். மார்க்கம் தடுத்ததன் காரணத்தை இலக்கத்தில் காண்பது போன்றது இது. கையொப்பம் வைப்பதற்கு முன் இதைக் கணக்கிட்டுச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் எத்தனையோ கையொப்பங்கள் விழாமற் போயிருக்கும்.

2022 கற்பித்த பாடம்

இன்றைய உயர்தர மாணவியர் 2022 ஆம் ஆண்டைச் சிறுவயதில் கண்டவர்கள். எரிவாயு வரிசையும் மின்வெட்டும் அவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் ஏப்ரலில் நாடு தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. வருட ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது.

அக்காலத்தில் விசித்திரமான ஒரு காட்சியைக் காணக்கூடியதாக இருந்தது. இலாபத்துக்கு விற்றுக்கொண்டே சில கடைகள் காலியாகின. 1,000 ரூபாவுக்கு வாங்கிய பொருளை 1,200 ரூபாவுக்கு விற்றவர் 200 ரூபா இலாபம் என்று நினைத்தார். அதே பொருளை மீண்டும் வாங்கப் போனபோது அதன் விலை 1,700 ரூபா. விற்ற பணத்துடன் இன்னும் 500 ரூபா சேர்த்தால்தான் இராக்கை மீண்டும் நிரம்பும். கணக்குப் புத்தகத்தில் இலாபமும் கடையில் வெறுமையும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்பதை, விலை மட்டம் பற்றியும் காசுப் பாய்ச்சல் பற்றியும் கற்ற ஒருவரால் விளங்கப்படுத்த முடியும். அனுபவம் மட்டும் உள்ளவர் அதை நட்டப்பட்ட பிறகு விளங்கிக்கொள்வார். முப்பது வருட அனுபவம் உள்ளவர்களுக்கும் 2022 புதிய அனுபவமே. அதனால்தான் அனுபவம் இருந்தால் படிப்பு வேண்டாம் என்ற வாதம் இனிமேல் செல்லாது என்கிறேன்.

பெற்றோரின் கேள்விகள்

பெற்றோர் கேட்கும் மிகப் பெரிய கேள்வி, "படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?" என்பது. இது நியாயமான கேள்வி. இதற்கு இனிப்பான பதில் சொல்ல நான் விரும்பவில்லை. முகாமைத்துவப் பட்டம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். பட்டம் கதவைத் தட்ட உதவும்; உள்ளே அழைக்கப்படுவதற்கு வேறு சிலவும் வேண்டும்.

முதலாவது, ஆங்கிலம். நாம் உயர்தரத்தைத் தமிழ்மொழி மூலம் படிக்கிறோம். கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களாயினும், ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயினும், முகாமைத்துவக் கற்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடைபெறுகிறது. பெறுமானத் தேய்வைத் தெளிவாகத் தெரிந்த பிள்ளை, அதே விடயத்தை ஆங்கிலத்தில் கேட்டவுடன் வாயடைத்துப் போகிறாள். இது அவளுடைய அறிவின் குறை அல்ல. ஆனால் முதல் வருடத்திலேயே நம்பிக்கையை உடைத்துவிடும். உயர்தரம் எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களைத் தையல் வகுப்புக்கும் சமையல் வகுப்புக்கும் கொடுப்பது போல ஆங்கிலத்துக்கும் கணினிக்கும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, தொழில்சார் தகைமை. 1959 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் நிறுவப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளைப் பல்கலைக்கழகம் செல்லாதவர்களும் எழுதலாம். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே எழுதுபவர்களும் உண்டு. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களில் கணக்கியலுக்கான உயர் தேசிய டிப்ளோமாவும் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் கதவு திருமணமானவர்களுக்கும் திறந்தே இருக்கிறது.

இசட் புள்ளி சற்றுக் குறைந்ததனால் அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமற் போகும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் நொந்துபோகிறார்கள். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பகிரப்படுகிறது. ஆகவே ஒரே புள்ளி எடுத்த இருவரில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். அனுமதி கிடைக்காதவள் திறமையற்றவள் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு மேலே சொன்ன பாதைகள் இருக்கின்றன.

அடுத்த கேள்வி, "கலியாணம் முடிச்சுப் போறவளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்பது. இலங்கையில் தொழிற்படையில் பங்குபற்றும் பெண்களின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே படித்த பெண்களிற் பலரும் வீட்டிலேயே இருக்கப் போகிறார்கள் என்ற பெற்றோரின் ஊகம் தவறானதல்ல. ஆனால் நான் மேலே காட்டிய நான்கு உதாரணங்களையும் திரும்பிப் பாருங்கள். அவற்றில் காரியாலய வேலைக்குப் போகும் பெண் ஒருத்திகூட இல்லை. மௌத்தான முதலாளியின் மனைவி, அபாயா தைப்பவர், நானாவுடன் கூட்டுச் சேர்ந்த ராத்தா, தவணைக் கடனெடுத்தவர் என்று எல்லோரும் வீட்டோடு இருப்பவர்களே. உத்தியோகத்துக்குப் போனால் கணக்காளராக இருப்பாள். போகாவிட்டால் தன் வீட்டை யாரும் ஏமாற்ற முடியாதவளாக இருப்பாள். உத்தியோகத்துக்குப் போனாலும் தனது சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிக்கப்படும்போது, தொழில்தருநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அதை அறியாமல் வருடக்கணக்கில் கடைகளில் வேலை செய்து வெறுங்கையுடன் வெளியேறிய பெண்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள்.

யார் தெரிவு செய்யக் கூடாது?

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லோரும் வர்த்தகம் படியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவராக வேண்டும் என்ற வேட்கை உள்ள பிள்ளை உயிரியலில் போராடட்டும். மொழியிலும் இலக்கியத்திலும் உயிரை வைத்திருப்பவள் கலைப் பிரிவில் மலரட்டும். தோழி போகிறாள் என்பதற்காகவோ, மனனம் செய்தால் போதும் என்று நினைத்தோ வர்த்தகத்துக்கு வருபவர்கள் இரண்டு வருடத்தை வீணாக்குவார்கள். இலக்கத்தைக் கண்டால் ஒதுங்குபவள், அந்த அச்சத்தைப் போக்கிக்கொள்ளும் எண்ணமும் இல்லாதவள் என்றால் இது அவளுக்குரிய இடமல்ல.

இன்னொரு விடயத்தையும் வர்த்தக ஆசிரியர்களாகிய எங்கள் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்று முகாமைத்துவத்தின் தொழிற்பாடுகளை ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் பாடசாலை விழாவொன்றுக்கு வரவு செலவுத் திட்டம் போடத் தெரிவதில்லை. டியூஷன் வகுப்புகளில் கடந்தகால வினாத்தாள் செய்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது. கல்லூரியின் வர்த்தக மன்றம் நடத்தும் விற்பனைச் சந்தையில் இறுதியில் கையில் இருக்கும் பணத்தை எண்ணி "இலாபம்" என்று அறிவிக்கிறோம். வீட்டிலிருந்து உம்மா கொடுத்துவிட்ட மாவும் சீனியும் செலவில் சேர்வதில்லை. மாணவியரின் உழைப்பு நேரமும் எழுதப்படுவதில்லை. அடுத்த சந்தையிலிருந்து ஒவ்வொரு குழுவும் முழுமையான இலாப நட்டக் கணக்கைச் சமர்ப்பிக்கட்டும். உண்மையில் நட்டப்பட்ட குழு, ஏன் நட்டம் என்று சரியாக விளக்கினால் அதற்கும் ஒரு பரிசு கொடுக்கலாம். சிற்றுண்டிச்சாலையின் ஒரு வாரக் கணக்கைப் பார்க்க உயர்தர மாணவியரை அனுமதிக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

மகள் எந்தப் பிரிவில் படித்தாலும் பரவாயில்லை, மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். ஒன்று, வீட்டின் ஒரு மாதச் செலவுக் கணக்கை அவளிடம் ஒப்படையுங்கள். அரிசி முதல் மின்சாரக் கட்டணம் வரை அவளே எழுதட்டும். மாத முடிவில் அவள் கேட்கும் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொல்லுங்கள். இரண்டு, கடையுள்ளவர்கள் ஸகாத் கணக்கிடும் காலத்தில் கையிருப்பை எண்ணும் வேலையில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை சாமான், என்ன பெறுமதி, யார் தர வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும், அதில் இரண்டரை வீதம் எவ்வளவு என்று அவள் கையால் எழுதட்டும். ஓர் இபாதத்தும் ஓர் ஐந்தொகையும் ஒரே இரவில் அவளுக்கு விளங்கும். மூன்று, ஆண் பிள்ளையிடம் கடையைப் பற்றிப் பேசும்போது அவளை எழுந்து போகச் சொல்லாதீர்கள்.

மாணவியரே, உங்களிடமும் ஒன்று. "என்ன படிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், சயன்ஸ் கிடைக்காத கதையைச் சொல்ல வேண்டாம். வர்த்தகம் படிக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால், அவருடைய கடையில் போன மாதம் எடுப்பனவு எவ்வளவு என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் தெரிந்தால் அவரிடமிருந்து நீங்கள் கற்கலாம். தெரியாவிட்டால், ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்து அவருக்கு உதவி செய்யுங்கள். படித்த படிப்புக்கு அதைவிட நல்ல ஆரம்பம் வேறெங்கும் கிடைக்காது.